20 நிமிடம் ஓடினால் மிஸ்ஸிங்! அப்பாவின் அம்பாசடரும் என் கம்ப்யூட்டரும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பாட்டுக் கேட்கிறோம், படம் பார்க்கிறோம், இன்டர்நெட்டில் மேய்கிறோம். இதைத் தவிர வீட்டுக்கு உபயோகமாக இதில் என்ன செய்ய முடியும்?" வழக்கமாக வீட்டுக் கணக்கு, பால் கணக்கு என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். இப்போது என்னிடம் வேறு பதில் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு கார் இன்ஜினைக் காப்பாற்றியது. அதற்காக நான் ஒரு பைசா செலவு செய்து எந்த சாப்ட்வேரும் வாங்கவில்லை. கம்ப்யூட்டர் இதழில் கார் ரிப்பேரா என்று பக்கத்தைப் புரட்டிவிடாமல் கொஞ்சம் படியுங்கள்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். அப்பாவிடம் இருப்பது 1987ஆம் வருட அம்பாசடர் மார்க் 4. 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், நான்கு சிலிண்டர். கடையில் புது கார் பார்க்கலாம் என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும், "இது நின்னா பார்க்கலாம்" என்பார். 2024 ஜூனில் அது நின்றது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து பரிசோதனைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, காவிரிப் பாலத்தின் நடுவில் இன்ஜின் திணறி, இருமி, அடங்கிவிட்டது. பின்னால் லாரி. அம்மா ஒரு கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு உள்ளே. இரண்டு பையன்கள் இறங்கித் தள்ளிவிட்டார்கள்.

அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. "காயலான் கடைக்காரன்கிட்ட பேசிட்டேன், ஞாயித்துக்கிழமை வர்றான்" என்று மட்டும் சொன்னார்.

என்னதான் பிரச்சினை?

காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரே இழுப்பில் கிளம்பும். 20 நிமிடம் அருமையாக ஓடும். இன்ஜின் நன்றாகச் சூடானதும் 'டப் டப்' என்று இடையிடையே விட்டுவிட்டு அடிக்கும். மெக்கானிக்குகள் இதை 'மிஸ்ஸிங்' என்பார்கள். பெட்ரோலும் காற்றும் கலந்து சிலிண்டருக்குள் போய், பிளக்கில் பொறி வந்து எரிய வேண்டும். ஏதோ ஒரு முறை எரியாமல் போனால் அந்த அடி காலி. அதுதான் மிஸ்ஸிங்.

இந்தப் பிரச்சினைக்கு அப்பா ஏற்கெனவே மூன்று மாதமாகப் பணம் கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் மெக்கானிக் அண்ணன் நல்ல கைக்காரர், 30 வருடப் பழக்கம். முதலில் டியூனிங் என்று பிளக், பாயின்ட், கண்டன்சர் மூன்றையும் புதிதாக மாற்றினார். சரியாகிவிட்டது. மறுநாள் மறுபடி வந்தது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். சரியாகிவிட்டது. மறுபடி வந்தது. பாயின்ட்டைத் தேய்த்துக் கொடுத்தார். சரி, மறுபடி! வேறொரு பட்டறைக்காரர் இன்ஜினைப் போர் செய்து பிஸ்டன் மாற்ற வேண்டும், நாற்பதாயிரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்.

அப்பாவிடம் சொந்தமாக ஒரு வைத்தியமும் இருந்தது. வண்டி நின்றதும் பானட்டைத் திறந்து பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு ஒரு டீ குடிப்பார். வந்து ஸ்டார்ட் செய்தால் ஓடும். அதனால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைக்கிறது என்பது அவர் முடிவு. அதுவும் நியாயம்தான். அந்த இன்ஜினில் கார்புரேட்டரும், புகை வெளியேறும் சூடான குழாயும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. போதாததற்கு 2022இலேயே பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலைக்கு வந்துவிட்டோம். எத்தனால் கலந்த பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும்.

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் 'கொஞ்ச நேரம் ஓடிய பிறகுதான் வரும்' என்கிற ரகக் கோளாறு எனக்குப் பழக்கமானது. கம்ப்யூட்டர் சர்வீஸில் பாதி கேஸ்கள் அப்படித்தான். அப்பாவிடம் இரண்டு வாரம் தவணை கேட்டேன். "உன் பொட்டியில கார் ஓடுமாடா?" என்றார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரவிருந்த ஆளைத் தள்ளிப்போட்டார்.

கால்க்கில் ஒரு கணக்கு

முதல் வேலை மிகச் சாதாரணமானது. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச சாப்ட்வேர் தொகுப்பில் கால்க் என்று ஒன்று இருக்கிறது. எக்ஸெல் தெரிந்தவர்களுக்கு இதுவும் தெரிந்த மாதிரிதான். அதில் ஒரு பைல் திறந்து இந்தத் தலைப்புகளை வரிசையாக அடித்தேன்: தேதி, ஸ்டார்ட் செய்த நேரம், மிஸ்ஸிங் தொடங்கிய நேரம், வண்டி ஓடியதா நின்றதா, வெயிலா மழையா, அதற்கு முன் இன்ஜின் எவ்வளவு நேரம் ஆப் ஆகியிருந்தது, என்ன செய்த பிறகு சரியானது.

புதியவர்களுக்கு ஒரு குறிப்பு. கால்க்கோ எக்ஸெலோ, நேரத்தை ஒரு நாளின் பின்னமாகத்தான் தனக்குள் வைத்துக்கொள்கிறது. மதியம் 12 மணி என்றால் அதற்கு 0.5. அதனால் மிஸ்ஸிங் தொடங்கிய நேரத்திலிருந்து ஸ்டார்ட் செய்த நேரத்தைக் கழித்தால் விசித்திரமான ஓர் எண் வரும், அல்லது கடிகார நேரம் போல வரும். பயப்பட வேண்டாம். விடையை 1440ஆல் பெருக்கும்படி பார்முலா கொடுத்து, அந்தக் கட்டத்தை சாதாரண எண்ணாக பார்மட் செய்துவிடுங்கள். ஒரு நாளுக்கு 1440 நிமிடம், அவ்வளவுதான். எத்தனை நிமிடம் என்று சுத்தமாகக் கிடைத்துவிடும்.

அப்பா ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து துண்டுச்சீட்டில் குறிப்பேன், வீட்டுக்கு வந்து கால்க்கில் ஏற்றுவேன். பத்து நாளில் 14 வரிசைகள் சேர்ந்தன. சில நாள் வண்டியை ஓட்டவே இல்லை. வாசலில் நிறுத்தி ஐடிலில் மட்டும் ஓடவிட்டோம். ஒருநாள் பெட்ரோல் டேங்க் மூடியைத் தளர்த்தி வைத்துப் பார்த்தோம், மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இப்படி வருமாம். வித்தியாசம் இல்லை.

14 வரிசைகளையும் 'இன்ஜின் ஆப் ஆகியிருந்த நேரம்' என்ற காலத்தை வைத்து சார்ட் செய்தேன். அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பத்து நிமிடத்துக்குக் குறைவாக நிறுத்தியிருந்தால் ஸ்டார்ட் செய்ததுமே மிஸ்ஸிங். அரை மணிக்கு மேல் நிறுத்தியிருந்தால் 18லிருந்து 22 நிமிடம் வரை சுத்தமாக ஓடுகிறது. மழை பெய்த ஒரு காலையில் மட்டும் 27 நிமிடம். ஈரத்துணி போட்டாலும் இதே கணக்கு, போடாவிட்டாலும் இதே கணக்கு!

அதாவது அப்பாவைக் காப்பாற்றியது துணி இல்லை, டீ. அதைவிட முக்கியமானது, பட்டறையில் நடந்ததும் இதுதான். கார்புரேட்டரைக் கழற்றி மாட்ட ஒரு மணி நேரம். அதற்குள் எல்லாம் ஆறிவிடும். பிறகு பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பார்கள். எதை மாற்றியிருந்தாலும், ஒன்றுமே மாற்றாமல் இருந்திருந்தாலும், அந்தப் பத்து நிமிடம் வண்டி அருமையாகத்தான் ஓடியிருக்கும். மூன்று மாதமாக எல்லா ரிப்பேரும் 'பாஸ்' ஆனதற்கு இதுதான் காரணம். மெக்கானிக் அண்ணனிடம் இந்தப் பட்டியலைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு நிமிடம் பார்த்தவர், "அப்ப நான் இதுவரைக்கும் பண்ணது ஒண்ணுமே டெஸ்ட் ஆகல, தம்பி" என்றார். கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். இல்லை.

சத்தத்தைக் கண்ணால் பார்ப்பது

எப்போது வருகிறது என்று தெரிந்துவிட்டது. எங்கே வருகிறது? ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் விட்டுவிட்டு அடிக்கிறதா, நான்குமா? ஒன்று மட்டும் என்றால் அந்தச் சிலிண்டரின் பிளக், பிளக் ஒயர், வால்வு, பிஸ்டன் என்று தேட வேண்டும். நாற்பதாயிரக் கதை உண்மையாகவும் இருக்கலாம். நான்கிலும் கலந்து வருகிறது என்றால் நான்குக்கும் பொதுவான பொருள்தான் குற்றவாளி.

காதால் கேட்டுச் சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் காது இல்லை. ஆனால் ஆடாசிட்டி இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த இந்த இலவச சாப்ட்வேர் ஒலிப்பதிவு, எடிட்டிங் வேலைகளுக்கானது. இன்ஜின் சூடாகி மிஸ்ஸிங் தொடங்கியதும் மொபைல் போனை சைலன்ஸர் வாய்க்குப் பக்கவாட்டில் ஒரு முழ தூரத்தில் பிடித்து 30 விநாடி ரிக்கார்ட் செய்தேன். நேர் எதிரே பிடித்தால் காற்று அடித்து வெறும் இரைச்சல்தான் பதிவாகும். இன்னொன்று, இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். மூடிய ஷெட்டில் ஓடும் இன்ஜின் விடும் கார்பன் மோனாக்ஸைடு ஆளைக் கொல்லும், வாசனைகூட இருக்காது.

போனை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து பைலை டெஸ்க்டாப்புக்கு காப்பி செய்து, ஆடாசிட்டி விண்டோவுக்குள் இழுத்துப் போட்டேன். திறக்க மறுத்தது. உங்களுக்கும் இது நடக்கலாம். பல போன்கள் ஒலியைச் சேமிக்கும் வகையை விண்டோஸில் ஆடாசிட்டி நேரடியாகப் படிக்காது. எப்.எப்.எம்பெக் என்ற இணைப்பை நிறுவ வேண்டும். அல்லது போனின் ரிக்கார்டர் செட்டிங்ஸில் வேவ் பைலாகச் சேமிக்கச் சொல்ல வேண்டும். நான் இரண்டாவதைச் செய்து மறுபடி ரிக்கார்ட் செய்தேன்.

திரையில் முதலில் அடர்த்தியான ஒரு பட்டைதான் தெரியும். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டுங்கள், படம் பெரிதாகும். அரை விநாடி அளவு திரை முழுவதும் வரும்வரை உருட்டினால் வரிசையாகக் குன்றுகள் தெரியும். ஒவ்வொரு குன்றும் ஒரு வெடிப்பு. இதைச் சரிபார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். நிமிடத்துக்கு 800 சுற்று ஐடில் என்றால், நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 1600 வெடிப்பு. விநாடிக்குச் சுமார் 27. அரை விநாடியில் 13. எண்ணிப் பார்த்தேன், காலையில் குளிர்ந்த இன்ஜினில் எடுத்த பதிவில் சரியாக 13 குன்றுகள். நெசவு போல ஒழுங்கு.

சூடான பதிவில் ஆங்காங்கே பல் விழுந்த சீப்பு போல இடைவெளிகள். பத்து விநாடியில் 23 ஓட்டைகள்.

இப்போது முக்கியமான சோதனை. அந்த இன்ஜினில் சிலிண்டர்கள் 1, 3, 4, 2 என்ற வரிசையில் வெடிக்கும், திரும்பத் திரும்ப. எனவே குன்றுகளுக்கு வரிசையாக எண் கொடுத்து, காலியான எண்ணை 4ஆல் வகுத்தால், ஒரே சிலிண்டர்தான் தகராறு செய்கிறது என்றால் மீதி எப்போதும் ஒன்றாகவே வரும். மீதி கண்டுபிடிக்க கால்க்கில் மாட் என்று ஒரு பங்ஷன் இருக்கிறது. எனக்குக் கிடைத்த முதல் சில எண்கள் 7, 8, 31, 46, 60, 61, 62, 89. மீதிகள் 3, 0, 3, 2, 0, 1, 2, 1. எல்லாம் கலந்து வருகிறது. எந்த ஒரு சிலிண்டர் மேலும் குற்றமில்லை. நாற்பதாயிரம் அந்த இடத்தில் மிச்சமானது.

படத்தில் இன்னொன்றும் தெரிந்தது. பெட்ரோல் வரத்துக் குறைந்தால் குன்றுகள் மெதுவாகச் சிறுத்து அடங்கும் என்று எதிர்பார்க்கலாம். இங்கே முழு உயரக் குன்று, சட்டென்று ஒன்றுமில்லை, மறுபடி முழு உயரம். யாரோ ஸ்விட்சை ஆப் செய்து ஆன் செய்வது போல. இது பொறியின் குணம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றியதை வைத்துச் சாமான் வாங்கக் கூடாது. மெக்கானிக் அண்ணனிடம் டைமிங் லைட் இருந்தது. அதன் கிளிப்பைக் காயிலிலிருந்து வரும் ஒயரில் மாட்டினால் ஒவ்வொரு பொறிக்கும் ஒரு முறை மின்னும். சூடான இன்ஜினில் மாட்டினார். மிஸ்ஸிங் வரும்போதெல்லாம் வெளிச்சமும் விட்டுவிட்டு வந்தது. பெட்ரோலை விட்டுவிடலாம். பொறிதான்.

காயிலா, கண்டன்சரா?

பழைய கார்களில் பொறி உண்டாகும் விதம் நூறு வருடப் பழையது. அமெரிக்காவில் சார்ல்ஸ் கெட்டரிங் 1910 வாக்கில் காடிலாக் கார்களுக்காகச் செய்தது. அவர் கம்பெனிக்குப் பெயர் டெல்கோ. நம் ஊர் மெக்கானிக்குகள் டிஸ்ட்ரிபியூட்டரை இன்றும் 'டெல்கோ' என்று சொல்வது அந்தப் பெயரில்தான். அதற்குள் பாயின்ட் என்ற சிறு ஸ்விட்ச் மூடும்போது 12 வோல்ட் காயிலுக்குள் பாய்கிறது. அது திறந்த கணத்தில் காயிலின் காந்தம் சரிந்து, இரண்டாவது சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி பிளக்கில் பொறியாகிறது. மின்சாரம் 'பட்' என்று நிற்க வேண்டும். இழுத்துக்கொண்டு நின்றால் பிளக்குக்குப் போக வேண்டிய சக்தி பாயின்ட்டிலேயே தீப்பொறியாகி வீணாகும். அதைத் தடுக்கப் பாயின்ட்டோடு சேர்த்து ஒரு கண்டன்சர் இருக்கும். கட்டைவிரல் அளவு உருளை.

சூடானால் மக்கர் செய்வதில் காயிலுக்குத்தான் பெயர் அதிகம். கண்டன்சரோ மூன்று மாதத்துக்கு முன்புதான் புதிதாகப் போட்டது. ஆகவே காயில் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். மல்டிமீட்டரில் முதல் சுற்றின் ரெசிஸ்டன்ஸ் ஆறியபோது 3 ஓம், சூட்டில் 3.6 ஓம். "பாருங்க, ஏறுது" என்றார் உதவிப் பையன். ஆனால் செம்புக் கம்பிக்கு அது இயல்பு. 50 டிகிரி சூடு ஏறினால் சுமார் 20 சதவீதம் கூடத்தான் செய்யும். புதுக் காயிலும் ஏறும்.

இந்த முறை ஆற விடாமல் சோதித்தோம். இன்னொரு காயிலை ஒயர்களோடு தயாராகப் பக்கத்திலேயே கட்டி வைத்து, 25 நிமிடம் ஓட்டி, மிஸ்ஸிங் வந்ததும் இன்ஜினை நிறுத்தி, இரண்டே நிமிடத்தில் மாற்றி ஸ்டார்ட் செய்தோம். அதே மிஸ்ஸிங். காயில் நிரபராதி! பழைய மாதிரி நிதானமாக மாற்றியிருந்தால் காயிலுக்கும் காசு கொடுத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்திருப்போம். அடுத்த பாலம் வரைக்கும்.

மெக்கானிக் அண்ணன் டெல்கோ மூடியைக் கழற்றிப் பாயின்ட்டைப் பார்த்தார். கருகியிருந்தது. "நானும் மூணு தடவை தேய்ச்சுட்டேன், இது ஏன் இப்படிக் கருகுதுன்னு அப்பவே யோசிச்சிருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு டப்பாவிலிருந்து ஒரு பழைய கண்டன்சரை எடுத்தார், வேறு வண்டியில் வருடக்கணக்கில் ஓடியது. உள்ளே இருந்ததைத் தொடவே இல்லை. பழையதைக் காயிலிலிருந்து டெல்கோவுக்குப் போகும் ஒயர் முனைக்கும் பாடிக்கும் நடுவில் கிளிப் போட்டு இணைத்தார். ஒரு நிமிட வேலை. இன்ஜின் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஸ்டார்ட் செய்தார்.

தையல் மிஷின் மாதிரி ஓடியது.

நிறுத்தி, கிளிப்பை எடுத்து, மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். மிஸ்ஸிங். கிளிப்பை மாட்டினால் போய்விடுகிறது. இப்படி மூன்று முறை. அப்பா மட்கார்டு மேல் கையை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றார்.

ஆக, புதிதாகப் போட்ட கண்டன்சர்தான் கோளாறு. ஒருவேளை பழையதும் கெட்டிருந்து, மாற்றியதும் கெட்டதாக அமைந்ததோ என்னவோ. மாற்றியது எந்தக் கடையில் வாங்கியது என்பது இங்கே வேண்டாம். வீட்டில் அதை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். ஆறியபோது 0.21 மைக்ரோபாரட், பழுதே இல்லை. தலைமுடி உலர்த்தும் டிரையரால் சூடாக்கினேன். எண் தடுமாறி, பூஜ்யத்துக்கு விழுந்து, திரும்ப எழுந்தது. உள்ளே ஏதோ ஓர் இணைப்பு சூட்டில் விட்டுவிட்டுப் போகிறது. நூற்றுச் சில்லறை ரூபாய்ப் பொருள்.

கம்ப்யூட்டரில் இதே கதை

உங்கள் கம்ப்யூட்டரும் போட்ட 20 நிமிடத்தில் ரீஸ்டார்ட் ஆனாலோ உறைந்து போனாலோ, கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் இரண்டு நாள் நேரத்தைக் குறித்து வையுங்கள். எச்.டபிள்யூ. மானிட்டர் போன்ற இலவச சாப்ட்வேர் பிராசசரின் சூட்டைக் காட்டும். உறையும் சமயம் அது எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். முக்கால்வாசிக் கேஸ்களில் பேனில் அடைத்த தூசிதான் காரணம். 2004இல் என்னிடம் இருந்த அசெம்பிள்ட் கம்ப்யூட்டர் வேறு ரகம். கடையில் திறந்து வைத்துப் பத்து நிமிடம் ஓட்டி, "நல்லாத்தானே சார் இருக்கு" என்று நான்கு முறை திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் மதர்போர்டில் நான்கு கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது தெரிந்தது. அந்த வருடங்களில் உலகம் முழுக்க மட்டமான கெபாசிட்டர்களால் எத்தனையோ மதர்போர்டுகள் செத்தன. காரில் கண்டன்சர் என்பதும் கம்ப்யூட்டரில் கெபாசிட்டர் என்பதும் ஒன்றுதான். கடைக்காரரிடம் கொடுக்கும்போது 'அரை மணி ஓட்டிய பிறகு பாருங்கள்' என்று சீட்டில் எழுதி கேபினட் மேல் ஒட்டிவிடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

காரில் நல்ல கண்டன்சரும் புதுப் பாயின்ட்டும் போட்டது 2024 ஜூலையில். அதன் பிறகும் ஒரு மாதம் கணக்கு எழுதினோம். ஒரு நாள் சமயபுரம் போய்த் திரும்பும்வரை இன்ஜினை நிறுத்தவே இல்லை. மிஸ்ஸிங் காலம் முழுவதும் காலியாகவே இருந்தது. காயலான் கடைக்காரர் மட்டும் இன்னும் மாதம் ஒருமுறை போன் செய்கிறார். அப்பா அந்தக் கால்க் பக்கத்தை பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லி, மடித்து டேஷ்போர்டுக்குள் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருக்கிறார். போன வாரம் என்னிடம் வந்து, "ஏன்டா, இதுல பெட்ரோல் கணக்கும் போடலாமா?" என்று கேட்டார். சேரை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, மவுஸை அவர் கையில் கொடுத்தேன்.